எனக்கு மட்டும் கேட்காத கொட்டு

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் கிளீட்டஸ். அவனுக்குப் பிறகு பங்குச் சாமியார் செய்தார், காது டாக்டர் செய்தார், இந்த ஊரே செய்தது, ஒரு வகையில் என் பெண்டாட்டி இஞ்ஞாசியும் செய்தாள், ஆனாலும் எதற்கும் வரிசை என்று ஒன்று இருக்கிறது, அந்த வரிசையில் முதல் ஆள் கிளீட்டஸ்தான். வலை வியாபாரி வீட்டுப் பிள்ளை. கழுத்து நீண்டு, தோள் கூனி, மழையில் நனைந்த கொக்கு மாதிரி இருப்பான். ஐஸ் கம்பெனியில் என் பக்கத்தில் நின்று வேலை பழக வேண்டிய என் மகன் ரெமிஜியுஸை ஒரு கிட்டாரைக் காட்டிக் கூட்டிக்கொண்டு போனவன் அவன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தூத்துக்குடியில் விசைப்படகுகளுக்கு ஐஸ் கொடுக்கிற கம்பெனியில் எனக்குக் கேன் தட்டுகிற வேலை. பெரிய உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் வரிசையாகத் தகரக் கேன்களை இறக்கி, கேன்களுக்குள் நல்ல தண்ணீர் ஊற்றி, மேலே பலகை போட்டு மூடிவிட்டால், மறுநாள் உள்ளே இருப்பது பாறையாகிவிடும். கேனைத் தூக்கிச் சாதாரணத் தண்ணீரில் முக்கிச் சாய்த்தால் ஐஸ் கட்டி தானாக வழுக்கிக்கொண்டு வரும். சிலது வராது. அதற்குத்தான் நான். வேப்பங்கட்டையால் கேனின் தோளில் இரண்டு தட்டு, பிறகு தகரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும், உள்ளே பிடி விடுகிறதா என்று உள்ளங்கை பார்க்கும், அது விடும்போது அடியில் ஒரு தட்டு, குதிகாலால் லேசாக ஓர் உதை. கட்டி வந்துவிடும். கம்பெனியில் கம்ப்ரசர் போடுகிற சத்தம் புதிதாக வருகிறவன் மண்டையைப் பிளக்கும். ஒரு மாதம் போனால் அவனுக்கு அது கேட்காது. கரண்ட் போய் இயந்திரம் நின்றால்தான் எல்லாரும் திடுக்கிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். பள்ளிக்கூடம் விட்டதும் ரெமி அங்கே வந்து பலகை மேல் கால் மடக்கி உட்கார்ந்திருப்பான். குளிரவில்லையா என்று கேட்டால் இல்லை என்பான். உதடு நீலமாக இருக்கும்.

அப்படி இருந்த பிள்ளையைத்தான் கிளீட்டஸ் கொண்டுபோனான். உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, நாலு பிள்ளைகள், ஒரு கிட்டார், ஒரு கீபோர்டு, ரெமிக்கு டிரம்ஸ். கூட்டத்துக்கு 'உப்புத்தாள்' என்று பேர் வைத்தார்கள். கதவு தேய்க்கிற தாளின் பேரை எவனாவது பாட்டுக்காரக் கூட்டத்துக்கு வைப்பானா என்று கேட்டேன்.

"சொரசொரன்னு இருக்கணும்பா. வழவழன்னு இருந்தா ஒண்ணும் ஒட்டாது" என்றான் ரெமி.

அவர்கள் பாட்டு சினிமாப் பாட்டும் இல்லை, கோவில் பாட்டும் இல்லை, வெள்ளைக்காரன் பாட்டும் இல்லை. ஊரில் எல்லாருக்கும் அதில் ஒன்றாவது பிடித்திருந்தது. 'மூணாவது கேட்' என்று ஒரு பாட்டு. ரயில்வே கேட் மூடியிருக்கிறது, இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருத்தி, நடுவில் சரக்கு ரயில் போகிறது, ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் உள்ள சந்தில் அவள் முகம் தெரிந்து மறைகிறது, தெரிந்து மறைகிறது, ரயில் முடிந்து கேட் திறக்கும்போது அங்கே அவள் இல்லை. அவ்வளவுதான் பாட்டு. 'நீ சாப்பிட்டியா' என்று இன்னொன்று. துபாயில் இருக்கிற மகனும் இங்கே இருக்கிற அம்மாவும் போனில் பேசுகிறார்கள், பாட்டு முழுக்க இரண்டு பேரும் மாறி மாறி அந்த ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், வேறு எதையும் சொல்ல முடியாமல். 'ஆணியில சட்டை' என்று ஒன்று. ஆணியில் தொங்குகிற சட்டை காற்றில் ஆடும்போதெல்லாம் அந்தச் சட்டைக்காரன் வந்துவிட்டான் என்று வீட்டில் ஒருவர் திரும்பிப் பார்க்கிறார்கள். கிளீட்டஸுக்குக் குரல் கிடையாது. மேலே போனால் உடையும். அதுதான் நல்லது என்றார்கள் ஜனங்கள், பாட்டுக்காரன் பாடுகிற மாதிரி இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் சொல்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள். சினிமாப் பாட்டு நம்மைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ போகும், இவர்கள் பாட்டு நம்மை நாம் நிற்கிற இடத்திலேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நிற்கும் என்று மீன் ஏலக்காரர் மோத்தா சொன்னார். எல்லாவற்றையும்விட, ஒவ்வொரு வரி முடிந்ததும் கொட்டு கொஞ்சம் நிற்குமாம், அந்த இடைவெளியில் கேட்கிறவன் தன் சொந்தக் கஷ்டத்தை எடுத்து வைத்துக்கொள்ளலாமாம், அதற்குள் கொட்டு திரும்பி வந்து அதை மூடிவிடுமாம்.

எல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் ஒரு நாளும் அந்தக் கொட்டகைக்குப் போனதில்லை. ரெமி கூப்பிட்டான். ஆனால் முறையாக வீட்டுக்கு வந்து அழைக்க வேண்டியவன் கிளீட்டஸ். பிள்ளையை மட்டும் கொண்டுபோவானாம், தகப்பனுக்குப் பிள்ளையிடம் சொல்லிவிடுவானாம். அது என்ன மரியாதை.

அவன் செய்த இரண்டாவது அநியாயம் திருநெல்வேலியில் நடந்தது. அங்கே ஒரு காலேஜில் இவர்களுக்குப் பிற்பகல் நிகழ்ச்சி. பாடி முடித்து, மேடையை விட்டு இறங்கப் போகிற நேரத்தில், பிள்ளைகள் எல்லாம் பெஞ்சைத் தட்டி "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று கேட்டிருக்கிறார்கள். கிளீட்டஸ் திரும்பி ரெமியைப் பார்த்திருக்கிறான். ரெமி குச்சியைத் தூக்கியிருக்கிறான். இன்னும் ஒன்று பாடினார்கள். அதற்குப் பிறகுதான் என் மகன் பைக்கை எடுத்தான், வல்லநாடு தாண்டும்போது உப்பு லாரி எதிரே வந்தது. அந்த ஒரு பாட்டு இல்லாதிருந்தால், லாரி அந்த இடத்துக்கு வரும் நேரத்தில் என் மகன் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருப்பான். இதை நான் ஆயிரம் தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். எப்படிப் போட்டாலும் காப்பி குடித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

ரெமிக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலை, அவன் ஏற்கெனவே பதிவுக்குக் கொட்டி வைத்துவிட்டுப் போன பாட்டுகளையெல்லாம் சேர்த்துக் கிளீட்டஸ் வெளியே விட்டான். எல்லார் போனிலும் வந்தது. அன்றைக்கே ஏலக்கூடத்தில், விளமீன் குவியலுக்கு முன்னால் நின்று விலை கூவ மோத்தா வாயைத் திறந்தபோது, அவருடைய வலது முழங்காலில் இருந்து 'மூணாவது கேட்' பாட்டு கேட்டது. போன் சட்டைப் பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். போன் வீட்டில் இருந்தது. வேட்டியைத் தூக்கி முழங்காலைப் பார்த்தார். வியாபாரிகள் குனிந்து கேட்டார்கள். பாட்டு முடிகிறவரை பேசாமல் நின்றுவிட்டு, முடிந்ததும் ஒருவர், "சரி, விளமீன் என்ன சொல்லுதிய?" என்று கேட்டார். ஏலம் நடந்தது.

அதன் பிறகு அது எல்லாரிடமும் வந்துவிட்டது. யாருக்கு எந்தப் பாட்டு ரொம்பப் பிடித்ததோ அந்தப் பாட்டு அவர்கள் உடம்பில் வந்து உட்கார்ந்தது, அதுவும் எங்கே வலி இருந்ததோ அந்த இடத்தில்தான் உட்கார்ந்தது. பங்குச் சாமியாருக்கு இடது தோளில் 'நீ சாப்பிட்டியா'. நற்கருணையை அவர் தூக்கும்போதெல்லாம் தோள் பாடத் தொடங்கிவிடும், ஜனங்கள் முழங்காலில் நின்றபடி பாட்டு முடியக் காத்திருப்பார்கள், பிறகு மணி அடிக்கும். இது சாத்தானின் வேலையா என்று சிலர் ஆயருக்கும் மேலே வெளியூரில் இருக்கிற பேராயருக்கு எழுதிப் போட்டார்கள். அங்கே இருந்து விசாரிக்க வந்த பெரிய சாமியாருக்கு ரயிலில் வரும்போதே கேட்டிருந்த ஒரு பாட்டு இடுப்பில் வந்து உட்கார்ந்துவிட்டதால், அவர் நெளிந்துகொண்டே விசாரித்துவிட்டு, மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனார். டவுன் பஸ்ஸில் வேறு வேறு பாட்டுக்காரர்கள் நெருங்கி நின்றால் காது கூசுகிறது என்று கண்டக்டர் பாட்டு வாரியாகப் பிரித்து நிறுத்தினார்: "கேட் எல்லாம் முன்னாடி போங்க, சட்டை எல்லாம் பின்னாடி வாங்க, சாப்பிட்டியாக்காரங்க படியில நிக்காதிய." பெண் பார்க்கப் போகிற வீடுகளில் மாப்பிள்ளைக்கு என்ன பாட்டு என்பதைவிட, அது உடம்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டார்கள், மாப்பிள்ளைக்கு எங்கே வலித்திருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லதுதானே. டாக்டர்கள் குழாயை நெஞ்சில் வைத்தால் இதயத்துக்குப் பதில் கிட்டார் கேட்கிறது என்று முதலில் சடைத்துக்கொண்டு, பிறகு பாட்டு நடுவில் தெரிகிற இதயத்தைக் கேட்கப் பழகிக்கொண்டார்கள். மழைக்காலம் வந்து போவதற்குள் ஊருக்கு இது பெரிய விஷயம் இல்லாமல் ஆகிவிட்டது. சளி பிடித்தால் பாட்டுக்கும் தொண்டை கட்டும், அவ்வளவுதான்.

என் உடம்பில் எதுவும் வந்து உட்காரவில்லை. கம்பெனியில் ஐஸ் உடைக்கிற மெஷினுக்கு நிற்கிற முனியசாமி என்னைச் சுற்றி வந்து முதுகு, கை, கால் எல்லாவற்றிலும் காதை வைத்துப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்லண்ணே. வயித்துல மட்டும் என்னமோ ஓடுது."

"பசிடா அது."

"அதுக்கும் ஒரு பாட்டு இருக்குண்ணே, அவுங்கள்ட்ட இல்லாததா."

இஞ்ஞாசிக்கு 'ஆணியில சட்டை' அடிவயிற்றில் உட்கார்ந்தது, ரெமியை எடுக்கக் கிழித்துத் தைத்த தழும்பின் மேல். அவள் அதை என்னிடம் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்திருந்தாள், ஃபேன் நின்றிருந்தது, சேலைக்குள் இருந்து கிளீட்டஸின் உடைந்த குரல் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் வீட்டுக்குள், என் பிள்ளை பிறந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு பாடுகிறான். ஆனால் அந்தப் பாட்டில் ரெமியும் இருப்பான் என்று நினைவு வந்தது. குனிந்து தழும்பில் காதை வைத்தேன். அவள் தடுக்கவில்லை.

"கேக்குதா?" என்றாள்.

"பாடுதான்."

"அவன் கெடக்கட்டும். நம்ம பிள்ள?"

கிட்டார் கேட்டது. கீபோர்டு கேட்டது. மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. கொட்டு இல்லை.

"இல்லட்டி. ஒண்ணும் கேக்கல."

"பொய் சொல்லாதிய. இந்தா கொட்டுதான். இந்தா நிறுத்திட்டான். இந்தா வந்துட்டான்." சொல்லிக்கொண்டே அவள் விரலால் தரையைத் தட்டிக் காட்டினாள். விரல் தரையில் விழுவதைப் பார்த்தேன். அந்தச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.

அவள் என் தலையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். "செத்த பிள்ள மேலயுமா கோவம் புடிச்சுட்டு இருப்பிய" என்று கேட்டாள். நான் அவளுக்கு எதிராக வைத்திருக்கிறது இந்த ஒரு சொல்தான். ஆனால் அதைக் கீழே வைக்க என்னால் முடியவில்லை.

அதிலிருந்து நான் கண்டவர் உடம்பிலெல்லாம் காதை வைக்கத் தொடங்கினேன். மோத்தாவின் முழங்காலில் வைத்தேன், சாமியாரின் தோளில் வைத்தேன், பஸ் ஸ்டாண்டில் பூக்காரியின் மணிக்கட்டில் காசு கொடுத்துப் பூ வாங்கிவிட்டு வைத்தேன். எல்லாரும் தந்தார்கள். ரெமியின் அப்பா என்றால் யாரும் மறுக்கவில்லை. பாட்டு எல்லாவற்றிலும் இருந்தது, என் மகன் எதிலும் இல்லை. மோத்தாவோ கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டே, "இந்தா, இந்த எடத்துலதான் கஸ்பார் மச்சான், பய கொல்லுதான்" என்று என்னிடம் சொல்வார். ஊர் முழுக்கத் தலைகள் ஆடும், பாதங்கள் தட்டும், பாத்திரம் துலக்குகிற பெண்கள் கரண்டியால் தாளம் போடுவார்கள், ஒரு சத்தமும் எனக்கு வராது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கல்யாணம் நடப்பது மாதிரி இருக்கும். சாமியாரிடம் போய்ச் சொன்னேன். மன்னித்துவிட்டால் கேட்கும் என்றார். யாரை மன்னிக்க என்று கேட்டேன். அதை நீங்களே யோசியுங்கள் என்றார். அது அவர் செய்த அநியாயம். காது டாக்டர் என்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, கீச்சென்றும் கும்மென்றும் சத்தம் விட்டுப் பார்த்துவிட்டு, இந்த வயதுக்கு இது நல்ல காது என்றார், ஏதோ எனக்குப் பரிசு கொடுக்கிறவர் மாதிரி. மாதா கோவில் திருவிழாவில் பேண்டு வாத்தியக்காரன் அடித்த பெரிய டிரம் எனக்கு நன்றாகக் கேட்டது. நெஞ்சுக்குள் இறங்கியது. உலகத்தில் எவன் கொட்டினாலும் எனக்குக் கேட்கிறது. என் மகன் கொட்டுவதை மட்டும் எவனோ எடுத்துவிட்டான். எவன் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

கிளீட்டஸ் வீட்டுக்கு ஒரு காலையில் போனேன். அவன் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள், நான் தொடவில்லை. அவன் மாடியில் இருந்து இறங்கி வந்து என் முன்னால் உட்காராமல் நின்றான். தாடி வளர்ந்து, கழுத்து இன்னும் நீண்டிருந்தது. பாடுவதை அவன் நிறுத்திவிட்டான் என்றும் கிட்டார் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது என்றும் ஊரில் பேசிக்கொண்டார்கள்.

"உனக்கு எங்கல உக்காந்திருக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கு உக்காரல மாமா. வலிக்கிற எடத்துலதான் அது உக்காரும். எனக்கு எந்த எடம்னு அதுக்குத் தெரியல போல. எல்லா எடமும் ஒண்ணு போல இருக்கு."

நல்லாப் பேசுவான். பேசிப் பேசித்தான் பிள்ளையைக் கொண்டுபோனான்.

"என் மகன் கொட்டுனத எங்க வச்சிருக்க? எல்லாருக்கும் குடுத்திருக்க. எனக்கு மட்டும் ஏன் அழிச்ச?"

அவன் என் கையையே பார்த்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அது உங்க கொட்டு மாமா" என்றான்.

"என்ன சொல்லுத?"

"கேனுல ரெண்டு போடுவியள்லா. அப்புறம் கைய வச்சுட்டுச் சும்மா நிப்பிய. அப்புறம் கீழ ஒண்ணு, கால்ல ஒண்ணு. அதத்தான் ரெமி எடுத்தான். எல்லாப் பாட்டுலயும் அதான் மாமா. வேகமா போட்டான், மெதுவா போட்டான், திருப்பிப் போட்டான், ஆனா அதான். வேற எதயும் கொட்ட மாட்டேன்னுட்டான். ஊரு அழுவுறது எல்லாம் நீங்க கைய வச்சுட்டு நிக்கிற அந்த எடத்துலதான்."

காப்பி ஆறி ஆடை படிந்தது. கம்ப்ரசர் சத்தம் ஒரு மாதத்தில் காணாமல் போவதை நினைத்தேன். முப்பது வருஷமாக நான் தட்டுகிறேன், என் தட்டு எப்படிக் கேட்கும் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் உள்ளங்கையால்தான் வேலை செய்தேன். காது அந்தச் சத்தத்தை எந்தக் காலத்திலோ கழற்றி வைத்துவிட்டது. மகன் அதைத் தேடி எடுத்துக்கொண்டுபோய்ப் பாட்டில் வைத்திருக்கிறான், ஊரே கேட்டு அழுகிறது, அதைக் கேட்க முடியாத ஒரே காது உலகத்தில் என் தலையில்தான் இருக்கிறது.

"என்ட்ட ஒரு வார்த்த கேட்டியளால?" என்றேன். "அது என் சாமான்லா."

"கேப்போம்னேன் மாமா. ரெமிதான், அப்பா ஒருநா வந்து உக்காந்து கேட்டா அவருக்கே தெரியும், சிரிப்பாரு, அதுவரைக்கும் சொல்லாதன்னான்."

"அப்பன வந்து அழைக்கத் தெரிஞ்சுதா ஒனக்கு?"

வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு அவன் அம்மா அழுதாள்.

"நான் வேற ஒண்ணும் கேக்கல" என்றேன். "எம் பிள்ளய நீ கூட்டிட்டுப் போன. அவன் கொட்டுதத நான் ஒரு தடவ கேக்கணும். ஒரே ஒரு தடவ. அத நீதான் எனக்குத் தரணும்."

"தாரேன் மாமா" என்றான் கிளீட்டஸ்.

எப்படி என்று அவனுக்கும் தெரியாது. ஆனாலும் சொன்னான். சொன்ன சொல் சொல்தான்.

மறுநாள் காலை அவன் கம்பெனிக்கு வந்துவிட்டான். படகுகள் ஐஸ் ஏற்றக் காத்திருந்தன. கேன்களை வரிசையாகத் தூக்கித் தண்ணீரில் முக்கிச் சாய்த்தார்கள், பாதி வழுக்கி வந்தது, பாதி பிடித்துக்கொண்டது. நான் கட்டையை எடுத்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, தட்டும்போது காதைக் கூர்மையாக்கிக்கொண்டு தட்டினேன். தோளில் இரண்டு. கட்டை தகரத்தில் படுவது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரிந்தது, காதுக்கு ஒன்றும் வரவில்லை, பஞ்சைப் பஞ்சால் அடித்த மாதிரி இருந்தது. கையை வைத்துக்கொண்டு நின்றேன். அடியில் ஒன்று. குதிகாலால் ஒன்று. கட்டி வந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது முனியசாமி மெஷினை நிறுத்தியிருந்தான். ஐஸ் தூக்குகிறவர்கள் கட்டியைத் தோளில் வைத்தபடியே நின்றார்கள், தண்ணீர் அவர்கள் முதுகில் வழிந்தது. அவரவர் உடம்பில் உட்கார்ந்திருந்த பாட்டுகள் எல்லாம் அடங்கி, என் கட்டைக்குப் பின்னால் வந்து வரிசையில் நின்றுவிட்டன என்று முனியசாமி பிறகு சொன்னான். அடுத்த கேனைத் தட்டினேன். ஏலக்கூடத்தில் இருந்து மோத்தா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார், அவர் பின்னால் வியாபாரிகள் வந்தார்கள், மீன் கூடையோடு பெண்கள் வந்தார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பையோடு வந்து நின்றார்கள், பஸ்ஸை நடு ரோட்டில் நிறுத்திவிட்டுக் கண்டக்டர் வந்தார். நான் இரண்டு தட்டிவிட்டுக் கையை வைத்துக்கொண்டு நிற்கும்போது அவர்கள் எல்லாரும் மூச்சை நிறுத்தினார்கள். நான் அடியில் தட்டும்போது விட்டார்கள். கிளீட்டஸ் சுவர் ஓரமாக உட்கார்ந்து முகத்தை முழங்காலுக்குள் வைத்துக்கொண்டான்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இஞ்ஞாசி கம்பெனிக்குள் வந்ததே இல்லை, குளிர் ஆகாது அவளுக்கு. அன்றைக்கு வந்தாள். கூட்டம் அவளுக்கு வழி விட்டது. ஈரத் தரையில் செருப்பு இல்லாமல் நடந்து வந்து எனக்கு எதிரே, கேனுக்கு அந்தப் பக்கம் நின்று, சேலைக்கு மேல் அடிவயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டு தட்டினேன். என் கட்டை படுகிற நேரத்தில் அவள் விரல் துடித்தது. நான் நிறுத்துகிற இடத்தில் அவள் கண்ணை மூடினாள். பிடித்துக்கொண்டிருந்த கேன்கள் எல்லாம் ஒன்றொன்றாக விட்டுக்கொடுத்தன. கடைசிக் கட்டியும் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. நான் கட்டையைக் கீழே வைத்து, கையைத் துடைத்தேன்.

இஞ்ஞாசி கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னும் ஒண்ணு" என்றாள்.

உலகத்தில் நான் வெறுக்கிற சொல் அது. திருநெல்வேலியில் பெஞ்சைத் தட்டிக் கேட்ட சொல். சுவர் ஓரத்தில் கிளீட்டஸ் தலையைத் தூக்கினான். அவன் என்னைப் பார்த்தான், நானும் அவனைப் பார்த்தேன். கேன் ஒன்றும் மிச்சம் இல்லை, எல்லாம் காலி. அவள் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

காலிக் கேன் ஒன்றைத் தூக்கி நிமிர்த்தி வைத்தேன். கட்டையை எடுத்தேன். தோளில் இரண்டு தட்டினேன். உள்ளே விட்டுக்கொடுக்க எதுவும் இல்லாத தகரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

இப்போது தினமும் இதுதான். காலையில் நான் தட்டுகிறேன், ஊர் வந்து நின்று கேட்டுவிட்டு வேலைக்குப் போகிறது, எல்லாம் முடிந்த பிறகு இஞ்ஞாசி இன்னும் ஒன்று கேட்கிறாள், நான் காலிக் கேனை நிமிர்த்துகிறேன். கிளீட்டஸும் தினமும் வருகிறான். ஒரு நாள் கிட்டாரோடு வருகிறான், ஒரு நாள் அந்தத் தாளத்தை என் உள்ளங்கையில் விரலால் போட்டுக் காட்டுகிறான், ஒரு நாள் தன் முதுகைத் திருப்பிக் காட்டி, ஏதாவது வந்து உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள் மாமா என்கிறான். நான் காதை வைக்கிறேன். எலும்பும் மூச்சும்தான்.

"கேக்குதா மாமா?" என்கிறான்.

"இல்ல" என்கிறேன். "நாளைக்கு வா. நீ எனக்குத் தர வேண்டியது அப்படியே நிக்குது."